நாத்தனார் கொடுத்த புரோபயாடிக் டப்பா

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மகனுக்கு ஆறு வயது. போன மாதம் சளி, காய்ச்சல் என்று ஒரு கிளினிக்கில் காட்டினோம். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் நாலைந்து முறை தண்ணீராகப் போனது. மருந்துக்கடையில் சொன்னதும் சின்னப் பிளாஸ்டிக் குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதில் நல்ல பாக்டீரியா இருக்கிறது, குடிக்க வையுங்கள்" என்றார்கள். இரண்டு நாளில் நின்றுவிட்டது. இப்போது பள்ளிக்குப் போகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான்.

இதைக் கேள்விப்பட்ட என் நாத்தனார், வீடு வீடாக விற்கும் ஒரு கம்பெனியின் புரோபயாடிக் டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஒரு கேப்சூலில் 5,000 கோடி பாக்டீரியாவாம். வீட்டில் எல்லோரும் மூன்று மாதம் சாப்பிட வேண்டுமாம். ஒரு டப்பா 2,400 ரூபாய். மாமியாரோ, "தயிரும் இட்லியும் பழைய சோறும் இருக்கிற வீட்டுக்கு இது எதற்கு?" என்கிறார். மாமனாருக்கு ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தி கூடும், அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறார் நாத்தனார். எனக்கும் பல வருடமாக வயிறு உப்புசம், மலச்சிக்கல். மலத்தை அனுப்பினால் குடல் பாக்டீரியாவுக்கு மார்க் போட்டுத் தரும் பரிசோதனை ஒன்று இருக்கிறதாமே, அதைச் செய்யலாமா? யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.
— வாசகி, ஈரோடு

பதில்: வணக்கம் அம்மா. மாமனார் விஷயத்தைக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவருக்கு அந்த கேப்சூலைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, கீமோ கொடுக்கும் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். காய்ச்சலோ குளிரோ வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கீமோவில் இருப்பவருக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் இதுதான் விதி.

காரணத்தைச் சொல்கிறேன். டப்பாவில் இருப்பவை உயிருள்ள கிருமிகள். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று நாம் பிரிப்பதெல்லாம் அவை குடலுக்குள் இருக்கும் வரைதான். கீமோவில் வெள்ளணுக்கள் விழுந்துவிடும். வாயில் புண் வருவதுபோலவே குடலின் உள்தோலும் புண்ணாகும். அந்த நேரத்தில் குடலுக்குள் இருக்க வேண்டியது ரத்தத்துக்குள் நுழைந்தால், தடுத்துப் பிடிக்க ஆள் இருக்காது. புரோபயாடிக்கில் இருந்த அதே கிருமி ரத்தத்தில் வளர்ந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கிறது. சாக்கரோமைசிஸ் புலார்டி என்ற ஈஸ்ட், பேதிக்காகப் பொட்டலங்களில் விற்கப்படுவது. கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக்குழாயில் கீமோ குழாய் பொருத்தியவர்களின் படுக்கைக்கு அருகில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது என்பார்கள். கையில் ஒட்டிய பொடி குழாய் வழியாக உள்ளே போய்விடும். உங்கள் மாமனாருக்கு அப்படிக் குழாய் இருந்தால், நீங்களோ பையனோ வாங்கும் புரோபயாடிக் பொடியைக்கூட அவர் இருக்கும் அறையில் பிரிக்காதீர்கள்.

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். கணையத்தில் கடுமையான அழற்சி வந்தவர்களுக்குக் கிருமித்தொற்று வராமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. புரோபயாடிக் வாங்கியவர்களில் 100-க்கு 16 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மருந்து, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாமல் கொடுப்பது, வாங்கியவர்களில் 100-க்கு 6 பேர். "சாப்பிட்டால் நல்லது, இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் ஞாபகம் வரும். உடம்பு தெம்பாக இருப்பவருக்கு அந்தப் பேச்சு பெரும்பாலும் சரி. படுத்த படுக்கையாக இருப்பவருக்குச் சரியில்லை.

மாமனாருக்கு வீட்டுத் தயிர், பழைய சோறு கொடுக்கலாமா என்பதையும் அந்த மருத்துவரிடமே கேளுங்கள். அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சில மருத்துவமனைகளில் வேண்டாம் என்பார்கள், சிலவற்றில் அவ்வளவு கெடுபிடி இருக்காது. நான் இங்கிருந்து சொல்வதைவிட, அவருடைய ரத்தப் பரிசோதனையைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதுதான் சரி.

இனிமேல் எழுதுவதெல்லாம் ஆரோக்கியமாக இருக்கும் மற்றவர்களுக்கு.

நம் உடம்பில் நம் சொந்த அணுக்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா இருப்பதாகப் படித்திருப்பீர்கள். உங்கள் நாத்தனாரின் கம்பெனித் துண்டுப் பிரசுரத்திலும் அது இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அது 1970-களில் போட்ட உத்தேசக் கணக்கு. 2016-இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் உட்கார்ந்து மறுபடி கணக்கெடுத்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனித அணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. அத்தனையையும் சேர்த்து எடை போட்டால் 200 கிராம்தான் வரும். தோல், வாய், பெண்ணுறுப்பு என்று எல்லா இடத்திலும் அவை உண்டு என்றாலும், கூட்டம் பெருங்குடலில்தான். இரைப்பையில் அமிலம் இருப்பதால் அங்கே பிழைப்பவை கொஞ்சமே.

பெருங்குடலில் அவை என்ன செய்கின்றன? நாம் தின்னும் நாரை நம் குடலால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேரும். பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துத் தின்று, பதிலுக்குச் சில சிறிய கொழுப்பு அமிலங்களை வெளியிடும். அவற்றில் பியூட்டிரேட் என்ற ஒன்றுதான் பெருங்குடலின் உள்தோல் அணுக்களுக்கு முக்கிய எரிபொருள். நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்து நேராக வாங்கிக்கொள்ளாமல், பாக்டீரியா கையால் வாங்கித்தான் அந்த அணுக்கள் பிழைக்கின்றன. இது போக வைட்டமின் கே, சில பி வைட்டமின்களைத் தயாரிப்பதும், வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்காமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதும் அவற்றின் வேலைதான்.

இப்போது உங்கள் பையனுக்கு வருவோம். சிரப்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பல கிருமிகளை ஒரே நேரத்தில் அடிக்கும் மருந்தாக இருந்திருக்கும். அது மூக்கில் இருக்கும் கிருமி எது, குடலில் இருக்கும் கிருமி எது என்று பார்க்காது. நாரையும் மாவுச்சத்தையும் தின்று தீர்க்க வேண்டிய பாக்டீரியா செத்தால், தின்னப்படாத மாவுச்சத்து குடலில் தேங்கித் தண்ணீரை இழுக்கும். பித்தநீர் உப்புகளை மாற்றும் பாக்டீரியாவும் குறைந்துபோவதால் பேதி இன்னும் கூடும். மூன்றாம் நாள் பேதி தொடங்கியதும், மருந்து முடிந்ததும் நின்றதும் இதனால்தான்.

குப்பி மருந்தால் நின்றதா என்று கேட்டால், அநேகமாக அது இல்லாமலும் நின்றிருக்கும். உங்களுக்குக் கொடுத்தது பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியாவின் வித்துகளாக, அதாவது கெட்டியான உறைக்குள் தூங்கும் பாக்டீரியாவாக, இருக்க வேண்டும். 5 மில்லி குப்பியில் 200 கோடி வித்துகள், பார்க்கக் கலங்கிய தண்ணீர் போல இருக்கும். கெடுதல் செய்திருக்காது. ஆனால் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் முடியும் சமயமும் குப்பி கொடுத்த சமயமும் உங்கள் கணக்கிலேயே ஒன்றாக வருகின்றன, பாருங்கள்.

இதற்காகப் புரோபயாடிக்கே ஏமாற்று வேலை என்று எழுதமாட்டேன். ஆன்டிபயாடிக் தொடங்கும்போதே கூடவே கொடுத்த குழந்தைகளை வைத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2019-இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்ததில், புரோபயாடிக் வாங்காத குழந்தைகளில் 100-க்கு 19 பேருக்குப் பேதி வந்தது, வாங்கியவர்களில் 8 பேருக்கு. இது நல்ல பலன்தான். அதில் பெயர் சொல்லும்படி வேலை செய்தவை இரண்டு: லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற பாக்டீரியா, சாக்கரோமைசிஸ் புலார்டி என்ற ஈஸ்ட். அடுத்த முறை பையனுக்கு உண்மையிலேயே ஆன்டிபயாடிக் தேவைப்பட்டு, மருத்துவரும் சரி என்றால், முதல் நாளிலிருந்தே இதில் ஒன்றைக் கொடுக்கலாம். பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஈஸ்டை ஆன்டிபயாடிக் கொல்லாது என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் மாமனார் இருக்கும் நிலையில் ஈஸ்ட் பொட்டலத்தை நான் எழுதித் தரமாட்டேன்.

அதே ரம்னோசஸ் ஜிஜியை, ஆன்டிபயாடிக்கால் இல்லாமல் தொற்றால் பேதி வந்த குழந்தைகளுக்கு அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்தார்கள். 971 குழந்தைகள். கனடாவில் 886 குழந்தைகளுக்கு வேறொரு புரோபயாடிக் கலவை. இரண்டின் முடிவும் 2018-இல் வந்தது: வெற்று மருந்துக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஒரே பாக்டீரியா, ஒரே பேதி, காரணம் மட்டும் வேறு. ஒன்றில் பலன், மற்றொன்றில் இல்லை. உங்கள் நாத்தனார் சொல்வதுபோல் "எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும், மூன்று மாதம்" என்று ஒன்று இருக்கவே முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பிறந்த சில நாளிலேயே லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரைப் பொருளையும் 7 நாள் மட்டும் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் அல்லது மரணம், வெற்று மருந்து வாங்கியவர்களில் 100-க்கு 9, இதை வாங்கியவர்களில் 5.4. 2017-இல் வந்த இந்த முடிவைப் பார்த்து உலகமே திரும்பிப் பார்த்தது. அவர்கள் ஏதோ கையில் கிடைத்த பாக்டீரியாவைக் கொடுத்துவிடவில்லை. பலவற்றைச் சோதித்து, பச்சிளங்குழந்தையின் குடலில் தங்கும் ரகம் எது என்று தேடிப் பிடித்தார்கள். சேர்த்துக்கொண்டதும் எடை குறையாமல், ஏறக்குறைய மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளைத்தான். குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில், புரோபயாடிக் கொடுத்த ஒரு குழந்தை அதே கிருமியால் இறந்ததை அடுத்து, 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

ஆன்டிபயாடிக் முடிந்து, பேதியும் நின்றபிறகு "குடலை மறுபடி நிரப்ப" புரோபயாடிக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். சொந்த பாக்டீரியா தானாகவே திரும்பி வரும், சில வாரங்கள் ஆகும், அவ்வளவுதான். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2018-இல் இதைச் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 11 வகை கலந்த புரோபயாடிக் கொடுத்தார்கள், ஒரு பகுதியினரைச் சும்மா விட்டார்கள். புரோபயாடிக் வாங்கியவர்களுக்குச் சொந்த பாக்டீரியா திரும்புவது தாமதமானது. சும்மா விடப்பட்டவர்களுக்குச் சீக்கிரம் திரும்பியது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஒரேயடியாகத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் நன்றாக ஓடியாடும் ஆறு வயதுப் பையனுக்கு மூன்று மாதம் கேப்சூல் கொடுக்க ஒரு காரணமும் இல்லை என்று சொல்ல அது போதும். பொதுவாகவே புரோபயாடிக் பாக்டீரியா விருந்தாளிதான். நாலு நாள் இருந்துவிட்டுப் போய்விடும். கேப்சூலை நிறுத்திய சில நாளிலோ சில வாரத்திலோ மலத்தில் தேடினால் பெரும்பாலானவர்களிடம் கிடைக்காது.

பையனைப் பற்றி இன்னொன்று. ஆறு வயதுக் குழந்தையின் சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாடிக்கால் அதற்கு ஒரு பயனும் இல்லை. அந்த ஐந்து நாள் சிரப் தேவைப்பட்டதா என்று நான் நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த முறை மருத்துவரிடம், "இது வைரஸ் காய்ச்சலா டாக்டர், இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பல சமயம் பெற்றோர் எதிர்பார்க்கிறார்களே என்றுதான் நாங்களும் எழுதுகிறோம். வீட்டில் மிச்சமிருக்கும் சிரப்பை அடுத்த சளிக்கு எடுத்து ஊற்றாதீர்கள். ஒரு குழந்தையின் நல்ல பாக்டீரியாவைக் காப்பாற்ற 2,400 ரூபாய் டப்பாவைவிட இது பெரிய உதவி.

மறுபடி பேதி வந்தால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல். சின்னப் பொட்டலம் என்றால் 200 மில்லி தண்ணீரில், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டரில், முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று பிரித்தால் உப்பு அளவு மாறிவிடும். உலகச் சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்தது என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பான பழச்சுவை பானங்களை நம்பாதீர்கள். கூடவே ஜிங்க் 20 மில்லிகிராம், 14 நாள். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைத்தான் பீப்பாய் பீப்பாயாகக் கரைத்துக் கொடுத்து, காலரா சாவை 100-க்கு 30-லிருந்து 4-க்கும் கீழே கொண்டுவந்தார். எந்த புரோபயாடிக்கும் இதன் பக்கத்தில் வர முடியாது. மலத்தில் ரத்தம், சிறுநீர் போகாமல் ஆறு மணி நேரம், கண் குழிவது, சுருண்டு படுப்பது, குடித்ததெல்லாம் வாந்தி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, டப்பாவைக் கையில் எடுங்கள். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பொடி எழுத்தைப் பாருங்கள். பாக்டீரியாவின் பெயர் மூன்று துண்டாக இருக்க வேண்டும். லாக்டோபேசில்லஸ் என்பது குடும்பப் பெயர் மாதிரி. ரம்னோசஸ் என்பது இனம். ஜிஜி என்பதுதான் ரகம், ஆய்வெல்லாம் நடந்தது அந்த ரகத்தில். மூன்றாவது துண்டு இல்லாமல் "லாக்டோபேசில்லஸ் கலவை" என்று மட்டும் போட்டிருந்தால், எந்த ஆய்வின் பலனையும் அந்த டப்பா சொந்தம் கொண்டாட முடியாது. அடுத்து எண்ணிக்கை. அது தயாரித்த அன்றைய கணக்கா, காலாவதி தேதி வரை இருக்கும் கணக்கா? உயிருள்ள பொருள் நாளாக நாளாகச் சாகும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் நாத்தனாரின் வண்டிப் பெட்டியில் இரண்டு வாரம் கிடந்த டப்பா என்றால், வித்து வகை தவிர மற்றவை எவ்வளவு பிழைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருளாக விற்கப்படுகிறது. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல அதற்கு உரிமை கிடையாது.

5,000 கோடி என்ற எண்ணைக் கண்டு மலைக்காதீர்கள். பெருங்குடலில் ஒரு கிராமுக்குச் சுமார் 10,000 கோடி பாக்டீரியா இருக்கிறது. அதாவது அந்த கேப்சூலில் இருப்பது அரை கிராம் மலத்தில் இருக்கும் எண்ணிக்கைதான், அதிலும் ஏழெட்டு வகை மட்டும். உள்ளே இருப்பவையோ நூற்றுக்கணக்கான வகைகள். முழுக் கூட்டத்தையும் மாற்றினால்தான் பெரிய மாற்றம் வரும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு சிலருக்கு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, பேதி திரும்பத் திரும்ப வந்து ஆளையே கொன்றுவிடக்கூடும். நெதர்லாந்தில் அப்படிப்பட்ட 16 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாகக் குடலுக்குள் செலுத்தினார்கள். ஒரே தடவையில் 13 பேர் குணமானார்கள். வழக்கமான ஆன்டிபயாடிக் வாங்கிய 13 பேரில் 4 பேர்தான். 2013-இல் வெளியான இந்த ஆய்வைச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதவர்கள் இல்லை. ஆனால் குடல் பாக்டீரியா எவ்வளவு பெரிய விஷயம் என்று மருத்துவர்களே நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மாமியார் பக்கம் வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி.

இட்லி புரோபயாடிக் இல்லை. மாவில் லூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியா இரவெல்லாம் வேலை செய்கிறது, உண்மை. அதனால்தான் மாவு பொங்குகிறது, புளிக்கிறது. ஆனால் இட்லிக் குண்டானில் பத்து நிமிடம் ஆவியில் வெந்தபிறகு உயிரோடு ஒன்றும் மிஞ்சாது. அவை புளிக்கவைத்த பலன், எளிதான செரிமானம், கூடுதலான சில வைட்டமின்கள், நமக்குக் கிடைக்கும். பாக்டீரியா கிடைக்காது. தோசைக்கும் கொதிக்கவைத்த மோர்க்குழம்புக்கும் இதே கதைதான்.

தயிரில் உயிருள்ள பாக்டீரியா உண்டு. ஆனால் எது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டு உறைமோர் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கும், அவர்களுக்கு அவர்கள் அம்மா வீட்டிலிருந்து. ஒவ்வொரு வீட்டுத் தயிரும் ஒவ்வொரு கலவை. தயிர் உறையவைக்கும் பாக்டீரியாவில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தைத் தாண்டிப் பிழைப்பதும் இல்லை. தயிரை மருந்தாகப் பேசத் தொடங்கியவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த எலி மெச்னிகாவ். பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வது புளித்த பாலால்தான் என்றார். தயிர் விளம்பரங்களில் இவரை "நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி" என்று போடுவார்கள். 1908-இல் அவருக்கு நோபல் கிடைத்தது வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குவதைக் கண்டுபிடித்ததற்கு, தயிருக்கு இல்லை.

இருந்தாலும் தயிர் சாப்பிடுங்கள். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வது, அதிலுள்ள பாக்டீரியா பால் சர்க்கரையைச் செரிக்க உதவுவதால். கடுமையாக ஆராய்ந்து மற்ற புரோபயாடிக் விளம்பர வாசகங்களையெல்லாம் தள்ளுபடி செய்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2021-இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளைச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைந்தன. ஆனால் அவர்கள் ஒரு நாளைக்கு ஆறு தடவை அளவுக்குச் சாப்பிட்டார்கள். நம் வீட்டில் மதியம் ஒரு கரண்டித் தயிர் ஊற்றிக்கொள்வதை அதோடு ஒப்பிட முடியாது.

பழைய சோறு விஷயத்தில் நான் மாமியார் கட்சி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்கு இதை வைத்து ஆய்வே நடந்திருக்கிறது. இரவு தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும். அது ஒருபுறம். சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்க முடியாததாக மாறுகிறது. அது நேராகப் பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்திலும் அதே மாதிரித் தீனி இருக்கிறது. இதைத்தான் ப்ரீபயாடிக் என்று பெயர் வைத்துத் தனி டப்பாவில் விற்கிறார்கள். ஒரு கவனம் வேண்டும். சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், மதியத்திலிருந்து இரவு வரை வெறும் சோறாகக் கிடந்ததற்கு அப்புறம் ஊற்றாதீர்கள். அப்படிக் கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு கக்கும், சுடவைத்தாலும் அது போகாது. காலையில் இதமான புளிப்பு வாசனை இருக்க வேண்டும். நூல் விட்டாலோ, வாடை மாறியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இதுவும் சோற்றுக் கணக்கில்தான் சேரும்.

இனி உங்கள் வயிறு. பல வருட மலச்சிக்கலுக்கும் உப்புசத்துக்கும் புரோபயாடிக் சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது, பலருக்கு இல்லை, எந்த ரகம் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர்கள் சங்கம் 2020-இல், இதே மாதிரித் தொந்தரவு தரும் ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறுக்கு ஆய்வுக்காக அன்றி வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியது. நான் முதலில் கேட்பது தைராய்டு பரிசோதனை செய்தீர்களா என்பதுதான். அதோடு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க ஹீமோகுளோபின். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால் இதையெல்லாம் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால் நாருக்கு வருவோம். ஒரு நாளைக்கு 30 கிராம் நார் தேவை. வெள்ளைச் சோறு, இட்லி, தோசை, ஒரு கரண்டிப் பொரியல் என்று ஓடும் வீட்டில் அதில் பாதி வருவதே கஷ்டம். 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. கொங்கு நாட்டில் கம்பும் ராகியும் தட்டைப்பயறும் கொள்ளும் கிடைக்காத சந்தை இல்லை. ஆனால் உப்புசம் இருப்பவர்கள் எடுத்த எடுப்பில் கொள்ளு ரசம், பூண்டுக் குழம்பு, சுண்டல் என்று இறங்கினால் வயிறு பானை ஆகிவிடும். பாக்டீரியாவுக்குத் திடீரென்று கிடைக்கும் விருந்து நமக்கு வாயு. முதல் வாரம் ஒரு கொய்யா அல்லது பப்பாளித் துண்டுகள், கூடவே ஒரு கரண்டிக் கீரை, வாழைத்தண்டு அல்லது அவரைக்காய். அடுத்த வாரம் ஒரு வேளைச் சோற்றுக்குப் பதில் கம்போ ராகியோ. மூன்றாவது வாரம் பயறு, ஒரு கைப்பிடி. தண்ணீர் கூடவே கூட வேண்டும். இதிலும் நகராவிட்டால் இரவில் இசப்கோல் ஒரு தேக்கரண்டி, பெரிய டம்ளர் தண்ணீரோடு. மலிவு, பழக்கமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

மலப் பரிசோதனையில் மார்க் போட்டுத் தருவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எத்தனை மார்க் என்றால் ஆரோக்கியம் என்று உலகத்தில் யாரும் இன்னும் ஒப்புக்கொண்டு எழுதவில்லை. இந்தியர்களின் குடலில், முக்கியமாகச் சோறும் பருப்பும் காய்கறியும் சாப்பிடுகிறவர்களிடம், பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா மேலைநாட்டாரைவிட அதிகம். போபாலிலும் கேரளத்திலும் மலத்தை எடுத்து ஒப்பிட்டபோது நம் நாட்டுக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது. வேற்றூர்க்காரர்களின் கணக்கை வைத்து உங்களுக்கு 100-க்கு 43 என்று போட்டு அனுப்பினால், மிஞ்சுவது கவலைதான். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அநேகமாக அவர்களுடைய புரோபயாடிக் ஒன்றை வாங்கச் சொல்லியிருப்பார்கள்.

நாத்தனாரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தச் சங்கடம்தான் தெரிகிறது. டப்பாவைப் பிரித்திருக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆய்வு, பாக்டீரியா, ரகம் என்று அவரிடம் வாதாட வேண்டாம், சண்டையில்தான் முடியும். மாமனாரின் கீமோ மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது நாத்தனாரையும் அழைத்துப் போங்கள். டப்பாவையும் எடுத்துப் போங்கள். அவருடைய அப்பாவுக்குத்தானே, அவரே கேட்கட்டும்.